உருஸ் ஏற்றம்

எனக்குக் கார் பந்தயம் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே போய் நிற்பதற்கு எதற்கு இவ்வளவு பெட்ரோல் என்று கேட்கிற ரகம் நான். ஆனால் கேபிள் டிவி வந்த பிறகு, பெங்களூர் மர்பி டவுனில் என் அக்கா வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு எதையும் பார்க்க முடியாமல் போனது. அக்காவின் கணவர், அதாவது என் மாமா, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டிலிருந்து பாய் வந்துவிடுவார். அவருக்குக் கார் சீட் கவர் தைக்கிற வேலை. இரண்டு பேரிடமும் கார் கிடையாது. மாமாவிடம் ஒரு மொபெட் இருந்தது, அதுவும் பாதி நாள் தள்ளிக்கொண்டு வருவதற்குத்தான்.

உலகம் முழுக்க ஊர் ஊராகப் போய் நடத்துகிற பந்தயம் அது. அதில் மாமாவுக்கு உயிர் பெல்ஜியம். அங்கே காட்டுக்குள் ஒரு பழைய பாதை. பள்ளத்துக்கு இறங்கும் கார்கள் அதே வேகத்தில் ஒரு மேட்டின் மேல் வளைந்து ஏறும். அந்த இடத்தின் பெயர் ஓ ரூஜ். வர்ணனையாளர் வெள்ளைக்காரர், மூக்கால் பேசுவார். அவர் சொன்னது பாயின் காதில் ‘உருஸ்’ என்று விழுந்தது. தர்காவில் வருஷா வருஷம் நடக்கிற திருவிழாவுக்கு எங்கள் பக்கத்தில் உருஸ் என்று பெயர். திரையில் பார்த்தாலும் அது பொருத்தமாகத்தான் இருந்தது. மேட்டில் கூடாரங்கள், கொடிகள், மழையில் நனைந்துகொண்டு நகராமல் நிற்கிற கூட்டம்.

“பாத்தியா, நம்ம ஜனம் மாதிரிதான். தண்ணி கொட்டுது, ஒருத்தன் எழுந்து போறானா பாரு” என்றார் பாய்.

அது உருஸ் இல்லை, ஃபிரெஞ்சில் சிவப்புத் தண்ணீர் என்று அர்த்தம் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்த மேடு எங்கள் தெருவில் உருஸ் ஏற்றம்தான்.

மாமா ஒரு பொதுத்துறை இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே புதிதாக ஒரு ஜெர்மன் இயந்திரம் வாங்கினார்கள். அதைப் பழகிக்கொண்டு வர ஜெர்மனிக்கு ஆள் அனுப்பினபோது மாமாவுக்கு அந்த யோகம் அடித்தது. போக வேண்டிய ஊர் பெல்ஜியம் எல்லையை ஒட்டி இருந்தது. ரயிலும் பஸ்ஸும் மாறினால் உருஸ் ஏற்றம். போகிற மாதமோ பந்தயம் நடக்கிற மாதம். வெளிநாடு என்றால் அவருக்கு அந்த மேடு மட்டும்தான். அக்கா ஸ்வெட்டர் வாங்கச் சொன்னாள், அவர் மழைக்கோட்டு வாங்கினார். இன்னொரு முறை யாரும் தன்னை அனுப்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

அந்த வருடம்தான் பெல்ஜியத்தைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள்.

காரணம் சிகரெட். கார்களின் உடம்பெல்லாம் சிகரெட் பெயர் ஒட்டியிருக்கும். அந்த விளம்பரம் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. பந்தயக்காரர்கள் சிகரெட்டை விடவில்லை, நாட்டை விட்டுவிட்டார்கள். எத்தனையோ வருடமாக ஜனங்கள் ஏறி நின்ற மேடு ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமாகவில்லை. அவர்களுக்கு என்ன கவலை? வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. பந்தயம் என்றால் என்னவென்றே கேள்விப்படாத ஊர்களில் எல்லாம் கேட்டதைக் கொடுக்க அரசாங்கங்கள் தயார். தட்டையான நிலம், பளபளவென்று பாதை, பெரிய மனிதர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாதைக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட ஏசி அறைகள். கூட்டம் வராவிட்டால்தான் என்ன? டிவியில் காலி நாற்காலி தெரியாமல் காட்டத் தெரிந்தவர்கள்தானே.

பாய்க்கு இது புரியவே இல்லை. “உருஸை எப்படிப்பா நிறுத்துவான்? அங்க அடங்கியிருக்குற பீர் பாவாவுக்குத்தானே உருஸ்? வேற ஊர்ல போய் வெச்சா அது மேளா, உருஸ் இல்ல” என்றார். அந்த மேட்டில் ஒரு பெரியவர் அடங்கியிருக்கிறார் என்று பாவம் அத்தனை வருடமும் நம்பியிருந்தார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை. பத்திரிகைகளில் படித்த அத்தனை கட்டுரைகளையும்விட அவர் பேச்சில் நியாயம் இருந்தது.

மாமா போனார். பந்தயம் நடந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டுக்கும் போனார். திரும்பி வந்ததும் பாய் கேட்டது அதைத்தான்.

“செம ஏத்தம் பாய். டிவில ஒண்ணுமே தெரியல. செவுரு மாதிரி நிக்குது” என்றார் மாமா.

“உள்ள போனியா?”

“வேலி போட்டுகீறான். வெளியவே நின்னு பாத்தேன். யாருமே இல்ல.”

அக்கா பேச்சை மாற்றினாள். மறு வருடம் அந்த நாட்டுக்காரர்களே சட்டத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், பந்தயம் திரும்பிப் போனது. மாமாதான் திரும்பிப் போக முடியவில்லை.

அப்போது நான் ஒரு விளம்பரக் கம்பெனியில் தமிழ் விளம்பரங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளியும் தமிழர்தான், ஆனால் தமிழில் ‘பண்ணு’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்டிவிட்டார். ஒருநாள் எங்களைக் கூட்டி வைத்து, ஊருக்கு வடக்கே நிலம் வைத்திருக்கிற சிலர் பெங்களூருக்கே உலகப் பந்தயத்தைக் கொண்டுவரப் போகிறார்கள் என்றார். திரையில் ஒரு வரைபடம். அதில், ராகி விளைகிற சமவெளியில் மண்ணைக் கொட்டி ஒரு மேடு எழுப்பியிருந்தார்கள்.

“பெல்ஜியம் ஹில்லை ரெப்ளிகேட் பண்றோம். ஒரிஜினலைவிட பெட்டரா பண்றோம்” என்றார்.

“ஒரிஜினல் இன்னும் அங்கேயேதானே சார் இருக்கு?” என்றேன்.

“அதுக்கு எவ்ளோ நாள் கேரன்டி?” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

விளம்பரத்துக்கு நிஜமான ரசிகன் ஒருவன் வேண்டும் என்று தேடினார்கள். நான் எப்போதோ சொல்லியிருந்த மாமாவின் கதையை அலுவலகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பெல்ஜியம் வரை போய் ஏமாந்தவன், இப்போது பந்தயமே அவன் வாசலுக்கு வருகிறது! மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேமரா முன்னால் உட்காரவைத்தார்கள். நான் மூலையில் நின்றுகொண்டு, இந்த ஆள் இன்றைக்கு இவர்கள் மூக்கை உடைக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். மனதுக்குள் அவருக்காக நாலு வசனம்கூட எழுதி வைத்திருந்தேன்.

“பெங்களூருக்கு ரேஸ் வரணும்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டார்கள்.

“வரட்டுங்க. எங்க வெச்சாலும் பரவால்ல. ஒரு தடவ நேர்ல பாத்துடணும்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முதலாளி “ஆதென்டிக்! ஆதென்டிக்!” என்று கை தட்டினார்.

முதலாளி கூட்டத்தின் மேல் எனக்குப் புதிதாகக் கோபம் வர இடமில்லை. மாமா மேல் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் பிடித்துக்கொண்டேன். “அவ்வளவு தூரம் போன உங்களை வேலிக்கு வெளியே நிக்க வெச்சவங்க மாமா அந்த ரேஸ்காரங்க. அவங்களைப் போய் வான்னு கூப்பிடறீங்களே, வெக்கமா இல்ல?”

அவர் என் பக்கம் திரும்பினார். “உனுக்கு ரேஸே புடிக்காது மச்சான். நீ எவ்ளோ வேணா கோச்சுக்கலாம். நான் கோச்சுக்கினா, அப்பறம் எதப் பாக்கறது?”

 

பெங்களூரில் அந்தப் பாதை வரவே இல்லை. பந்தயம் வரப்போகிறது என்ற பேச்சிலேயே சுற்றுவட்டாரத்து நிலம் விலை ஏறியது, நிலக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. மனை போட்டு விற்றுவிட்டுப் போனார்கள். அதை மாமாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். இந்தத் தடவையாவது நாலு கெட்ட வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சரி, உக்காரு. இன்னிக்கு ரேஸ் இருக்கு” என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.