தராசுக்குத் தெரியாத எடை

பார்சல் ஆபீஸில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எந்த மூட்டையையும் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடவை தூக்கி, "முப்பத்தேழு" என்று சொல்லிக் கீழே வைப்பார். ரசீது போடுகிறவர் எந்திரத்தில் ஏற்றிப் பார்த்தால் முப்பத்தேழரை இருக்கும். "அந்த அரைக் கிலோ சாக்கோட எடைய்யா" என்பார் தராசு. ஆபீஸே சிரிக்கும். இருபத்தாறு வருடமாக அந்த மனிதருக்கு இருந்த பெருமை இது ஒன்றுதான்.

வீட்டில் மனைவி. எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்தது. எடுத்தார்கள், உயிர் தங்கியது, இரண்டு கால்களும் போயின. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, மறுபடி நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று எல்லாம் தராசுதான். அவள் இரண்டு கையையும் அவர் கழுத்தில் கோத்துக்கொண்டு "ம்" என்பாள். அந்த "ம்" வந்த பிறகுதான் தூக்குவார். ஒரு நாள்கூட அவளை எங்கேயும் இடித்ததில்லை.

போன வருடம் இடுப்பு வலி வந்தது. முதலில் குனிந்தால் வலித்தது, பிறகு நிமிர்ந்தால் வலித்தது, அப்புறம் சும்மா உட்கார்ந்தாலும் வலித்தது. தைலம், வெந்நீர் ஒத்தடம், ரசீதுக்காரர் கொடுத்த பழைய பெல்ட் எல்லாம் ஆயிற்று. டாக்டரிடம் மட்டும் போகவில்லை. கேட்டால் ஒரு சாக்கு கைவசம் வைத்திருப்பார். லீவு கிடைக்கவில்லை என்பார், அங்கே கூட்டம் தாங்காது என்பார். பயந்தாங்கொள்ளி என்று ஆபீஸில் கிண்டல் செய்தார்கள்.

பயம்தான், ஆனால் ஊசிக்கு இல்லை. கனம் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிடுவாரே! அவளுடைய அண்ணன் முதல் வருடமே சொல்லி வைத்திருந்தார்: "மாப்பிள்ளை, உங்களால தூக்க முடியாத நாள் வந்தா மறைக்காதீங்க. கீழ போட்டுட்டா அவ எலும்பு தாங்காது. காப்பகத்துல நான் இடம் பாத்து வெச்சிருக்கேன்." கெட்ட மனிதரில்லை, தங்கை மேல் உயிர். ஆனால் காப்பகம் ஏழு மணி நேரப் பயணம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள்.

"டாக்டரைத்தான் ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்" என்றாள் அவள் ஒருநாள், அவர் சுவரைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்த்து.

"பாப்போம். உன்னைத் தூக்க முடியாத அளவுக்கு வலிச்சா போறேன், போதுமா?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அண்ணன் சொன்னது அவளுக்கும் மறக்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. என்ன ஆச்சரியம், தூக்குவது லேசாகிவிட்டது! காலையில் பல்லைக் கடிக்காமல் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பாத்தியா? இடுப்பு தானா சரியாகுது. டாக்டராவது மண்ணாங்கட்டியாவது!"

"நீங்க யாரு, பெரிய பயில்வானாச்சே" என்று சிரித்தாள். குளிர்கிறது என்று கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அட மனுஷா, ஊரார் மூட்டைக்கெல்லாம் எடை சொன்ன கை உன்னுடையது! ஆனால் நாளுக்கு நான்கு முறை தூக்குகிறவனுக்கு, சொட்டுச் சொட்டாகக் குறைவது எங்கே தெரியும்? வலி குறைந்தது என்று நம்ப வேறு அவருக்கு அத்தனை ஆசை.

ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு ஆபீஸில் ஒரு துணிப் பொதி வந்தது. தூக்கினார். இடுப்பில் சுளீர் என்று வெட்டியது. "அம்பத்தி ரெண்டு" என்றார்.

எந்திரத்தில் நாற்பத்துநான்கு.

"என்ன தராசு, முள்ளு சாயுது?" என்று ரசீதுக்காரர் கைதட்டிச் சிரித்தார்.

தராசு சிரிக்கவில்லை. இன்னொரு மூட்டையைத் தூக்கினார். அதுவும் கூடுதலாகத்தான் கனத்தது. இடுப்பு சரியாகவில்லை, முன்னைவிட மோசம். அப்படியானால் வீட்டில் மட்டும் எப்படி லேசாக இருக்கிறது?

மூட்டையைக் கீழே போட்டார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

வீட்டுச் சந்தில் திரும்பும்போது மணி ஒன்று. அவர்கள் ஜன்னலுக்குக் கீழே தெருநாய் ஒன்று அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கொழுகொழுவென்று இருந்த நாய். 'இதுக்கு யாருடா இப்படிப் படியளக்கறா' என்று அவரே போன வாரம் அதை வேடிக்கை பேசியிருந்தார். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை வந்தது. காலையில் அவர் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போன டப்பா அந்தக் கையில் இருந்தது. கவிழ்த்தது. நாய் வாலாட்டிக்கொண்டு தின்றது.

அவர் உள்ளே போய் அவள் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினார். முழங்கைக்கு மேலே எலும்புதான் இருந்தது.

"எத்தனை நாளா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காலைல உங்க முன்னாடி சாப்பிடறேன்ல. ராத்திரி ரெண்டு வாய். அது போதும்."

"பைத்தியமா உனக்கு? ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"நீங்க தூக்க முடியலன்னு சொல்லிட்டா அண்ணன் வந்துடும்ல. நான் கொஞ்சம் லேசா இருந்தா..." அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை விட்டுட்டு நான் எங்கங்க போவேன்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனார்கள், அவளும் அவரும் சேர்ந்தே. அவளை நிற்க வைத்து எடை பார்க்க முடியாமல் நர்ஸ் தவித்தாள். "நான் சொல்றேன்மா" என்றார் தராசு. கழுத்தில் கை கோத்து, "ம்" வந்ததும் தூக்கினார். இந்தத் தடவை இடுப்பு வலியைக் கழித்துவிட்டு, கையை மட்டும் கேட்டார்.

"முப்பத்தி மூணு" என்றார். ஒரு காலத்தில் ஐம்பத்தெட்டு இருந்தவள்.

அவளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், இடுப்பில் இரண்டு இடத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். இனிமேல் பத்துக் கிலோவுக்கு மேல் தொடக்கூடாது. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான்கு வாரம் கழித்து, அவளைக் காப்பகத்துக்கு அழைத்துப்போக அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவந்தார். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள்.

"அவரு தூக்கட்டும்" என்றாள்.

டாக்டர் சொன்னது அண்ணனுக்குத் தெரியும். ஆனாலும் தடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ம்."

இடுப்பிலிருந்து குதிகால்வரை தீயாக இழுத்தது. தராசு அவளைச் சுமந்து, ஒரு இடமும் இடிக்காமல் பின் இருக்கையில் உட்கார வைத்தார்.

"நாப்பது" என்றார். "நாப்பது இருக்கே. அங்கயும் ஒழுங்கா சாப்பிடணும்."

"வலிக்குதா?"

"இல்ல."

டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். அவள் அவர் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் நிமிரவில்லை.