நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டர்

ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பத்திரிகைக்கு எழுதுகிறேன்; எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால் மரம் வெட்டப் போன காலத்தில் கொசுவை விரட்ட சிகரெட் பிடிக்க ஆரம்பித்தேன். பிறகு தோட்டம் இல்லாமல் போய், புலாவ் செபாங்கில் வீடு எடுத்து, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பின், சாயங்காலங்களில் என்னோடு உட்கார சிகரெட்தான் மிச்சம்.

மகள் புக்கிட் பெருவாங்கில் இருக்கிறாள். அவளுடைய கைக்குழந்தைக்கு மூச்சிளைப்பு. "கோவிச்சுக்காதம்மா. நீ அத விட்டாதான் புள்ளய ஒன் மடியில குடுப்பேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் கிளினிக் போனேன்.

அங்கே ஒரு தமிழ்த் தாதி, தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பிளாஸ்டரும் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தாள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். திரும்பக் கேட்கக் கூச்சம். வீட்டுக்கு வந்து, தலைவலிக்குக் கோயோக் ஒட்டுவோமே, அப்படியே இரண்டாகக் கத்தரித்து நெற்றிப்பொட்டு இரண்டிலும் ஒட்டிக்கொண்டேன். தினமும் அப்படித்தான்.

அடுத்த முறை போனபோது தாதி என்னையே பார்த்தாள்.

"என்னா பாட்டி, மூளையா சிகரெட் குடிக்குது?"

"நெனப்பு அங்கதானே வருது, மிஸ்ஸி."

சிரித்துக்கொண்டே பிய்த்து எடுத்தாள். "இது கோயோக் இல்லலா. வெட்டக் கூடாது. முழுசா மேல்கையில ஒட்டணும். வீட்டுல யாரும் பாத்துச் சொல்லலியா?"

நான் பையின் வாரைச் சரி செய்தேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு சரியாக ஒட்டினேன். புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆசை வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள் என்று போட்டிருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரருடைய நாற்காலிதான் இருந்தது. தண்ணீர் குடியுங்கள் என்றும் போட்டிருந்தது. அது என்னால் முடிந்தது. குடித்துக் குடித்தே சிகரெட்டை விட்டேன்.

மகள் பிள்ளையோடு வந்தாள். வாசலிலேயே என் தலைமுடியை மோந்து பார்த்தாள். "வாசம் இல்லம்மா" என்று பிள்ளையை மடியில் வைத்தாள். பையன் என் விரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டான். இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். இனி எப்போது வருவீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கார் போன பிறகு கை தீப்பெட்டியைத் தேடியது. தண்ணீர் குடித்தேன்.

பிளாஸ்டரை எத்தனை வாரம் ஒட்டினேன், எப்போது சின்னதாக மாற்றினார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன் யாராவது கிளினிக்கில் கேட்டுத் திருத்திவிடுங்கள். இதைப் படித்து இன்னொருவர் நெற்றியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது.