கத்திரிப்பூ நிற யானை

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் குழந்தைத் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பிரிண்டிங் மாஸ்டராக இருந்த சாமியப்பனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துத் தெரியாது. அந்த விஷயம் தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று அவர் பன்னிரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

குண்டடத்துப் பக்கம் காட்டில் வெள்ளாமை வேலை செய்து வளர்ந்தவர். திருப்பூர் வந்த புதிதில் பிரிண்டிங் டேபிளில் அச்சுச் சட்டமான ஃபிரேமைத் தூக்கும் வேலைதான். ஒருநாள் காலையில் அப்போதிருந்த கலர் மாஸ்டர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முதலாளி சிவசுப்பிரமணியம் தலையில் கைவைத்துக்கொண்டு, "இங்க யாருக்காச்சும் கலர் கலக்கத் தெரியுமா?" என்று கத்தினார். ஃபிரேம் தூக்கித் தூக்கி சாமியப்பனுக்குத் தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது. வலித்த தோளே கையைத் தூக்கிவிட்டது. கை தூக்கிய பிறகுதான் தன் கண்ணைப் பற்றி அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆனாலும் பிழைத்துக்கொண்டார். மற்ற மாஸ்டர்கள் சாயப் பசையை விரலால் தொட்டு, கண்ணைச் சுருக்கி, "இன்னொரு சொட்டு ரோஸ் போடு" என்பார்கள். வீட்டில் சண்டை போட்டு வந்த நாளில் அவர்கள் கலரும் கோணிப் போகும். சாமியப்பன் நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கிவைத்தார். சாயப் புட்டிகளுக்கெல்லாம் நம்பர் ஒட்டினார். எந்த நம்பர் எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதி, அதன்படி நிறுத்துக் கலந்தார். ஆறு மாதம் கழித்து அதே ஆர்டர் திரும்ப வந்தாலும் கலர் மயிரிழை பிசகாது. "எங்க சாமியப்பன் கண்ணு தராசுக் கண்ணு" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். தராசு மட்டும்தான் உண்மை.

புதுக் கலர் வந்தால் மட்டும் சங்கடம். வெள்ளைக்காரர்கள் அனுப்பும் துணித் துண்டுக்குப் பொருத்தமாகக் கலக்க வேண்டும். அதற்கு வேலாத்தாள் இருந்தாள். சாமியப்பன் வயதுதான் இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, கலர் அறையில் புட்டி கழுவி, பசை கிண்டிக் கொடுக்கும் ஹெல்பர். சாமியப்பன் பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி அவள் முன்னால் நின்று, "வேலாத்தா, இந்தத் துண்டுக்கும் நாம கலந்ததுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன். சொல்லு" என்பார்.

அவளும் நல்ல மாணவி மாதிரிப் பதில் சொல்லுவாள். "நம்முளுது கொஞ்சம் பழுத்துப் போச்சுங் மாஸ்டர். தக்காளி இன்னும் ரெண்டு நாள் செடியில கெடந்த மாதரி இருக்குது."

"பரவால்லியே, கத்துக்கிட்டியே" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு கிராம் குறைப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் கோடையில் ஐரோப்பாவிலிருந்து புதிய ஆர்டர் ஒன்று வருவதாக இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கான உடுப்பு. கம்பெனியில் அப்போது சுரேஷ் என்ற டிசைனர் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்தவன். அவன் கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனைப் பார்க்க முதலாளி எல்லோரையும் ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார். வெளிர்நீலத் தரையில் லைலாக் கலரில் ஒரு யானைக்குட்டி. கோடு கிடையாது, நிழல் கிடையாது, பால் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும் என்று சுரேஷ் விளக்கினான்.

"அருமை" என்றார் முதலாளி. "கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குது" என்றார் மேனேஜர். பேப்பர் சுற்றி வந்து சாமியப்பன் கைக்கு வந்தது. அவர் முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார். வெறும் நீலப் பேப்பர்.

"டிசைன் பேப்பர் இது இல்லீங்களா? யானை எங்கீங்க?"

 மேனேஜர் குபீரென்று சிரித்தார். சுரேஷ் மட்டும் சிரிக்கவில்லை. எட்டு நாள் கண்விழித்து வரைந்தவன். முகம் சுண்டிப் போய், "மாஸ்டர், நடுவுல எவ்வளவு பெருசா நிக்குது! தெரியலீங்களா?" என்றான்.

மாட்டிக்கொண்டோம் என்று சாமியப்பனுக்குப் புரிந்தது. "தெரியுது தெரியுது. எடுப்பா இல்லியேன்னு சொன்னனுங்க" என்று சமாளித்தார். எங்கே தெரிகிறது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பேப்பரை அவசரமாக அடுத்த ஆளிடம் தள்ளினார்.

கலர் அறைக்கு வந்ததும், "லைலாக்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று வேலாத்தாளைக் கேட்டார். அவள் துணித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குப் போயி இங்கிலீசுப் பேரா? கத்திரிப்பூக் கலருங் மாஸ்டர். அதுலயும் காலைல பூத்த பூ இல்லீங்க. மத்தியான வெயில்ல வெளுத்துப் போயி, ரோஸ் அடிச்சுக் கெடக்குமில்லீங்களா, அது."

சாமியப்பன் பிறந்ததிலிருந்து கத்திரிப்பூவை வானத்து நீலம் என்றே நினைத்திருந்தார். தராசை எடுத்தார். நாலு தடவை மாற்றி நிறுத்து, "ஆங், இது அச்சா அதேதானுங்க" என்று அவள் சொன்னதும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கலக்கியதோடு முடியவில்லை. சாம்பிள் என்பதால் மாஸ்டரே டேபிளில் நின்று அச்சடிக்க வேண்டியிருந்தது. நீலத் துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்து யானையை அடித்துக்கொண்டு போனார். ஈரமாக இருக்கும்வரை பளபளப்பில் தெரிந்தது. காய்ந்ததும் யானை காற்றில் போய்விட்டது. அடித்த துண்டு எது, அடிக்காத துண்டு எது என்று தெரியாமல் ஏற்கெனவே அடித்ததன்மேல் இன்னொரு தடவை அடித்தார். ஒரு துண்டில் யானைக்கு இரண்டு தும்பிக்கை, ஆறு கால். வேலாத்தாள் வாயைத் திறக்காமல் அதை உருவிக் கழிவுத் துணியில் போட்டாள். அதற்கப்புறம் அடித்து முடித்த துண்டின் ஓரத்தில் வெள்ளைப் பசையால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். எதற்கு வைக்கிறாள் என்று இவர் கேட்கவில்லை. பொட்டு ரொம்ப உபயோகமாக இருந்தது.

ஆறு கால் யானையை மேனேஜர் பார்த்துவிட்டார். முதலாளி காதுக்கும் போயிற்று. நல்ல மனுஷர், திட்டவில்லை. "வயசாச்சில்ல, கண்ணுல பொறை விழுந்திருக்கும். போய்ப் பாத்துட்டு வா" என்று கண் டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரியை சாமியப்பன் கடகடவென்று படித்தார். டாக்டருக்கு ஏதோ தோன்றி, வட்டம் வட்டமாகப் புள்ளி வைத்த புத்தகம் ஒன்றை எடுத்தார். "இதுல என்ன நம்பர் இருக்கு?"

"நம்பரா? புள்ளிதானே இருக்குதுங்க."

"இதுல?"

"இதுலயும் புள்ளிதானுங்க. நெறையா."

டாக்டர் புத்தகத்தை மூடினார். "உங்களுக்குப் பிறவியிலேயே சில கலர் தெரியாது. அம்மாவோட அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?"

சாமியப்பன் யோசித்தார். "அப்புச்சி மொளகாய் பறிக்கப் போனா, பழமும் காயும் ஒண்ணாப் பறிச்சாந்து போட்டு அம்மாயிகிட்ட ஏச்சு வாங்குவாருங்க. அவரு சோம்பேறின்னு நெனச்சிருந்தமுங்க."

"அதேதான். மருந்து கிடையாது, பயமும் கிடையாது. கலரை நம்பிச் செய்யற வேலை மட்டும் வேண்டாம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கலர் கலக்கறனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, "இவர் சொல்றதைக் கேளும்மா" என்றார். சாமியப்பன் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தவர், "பொறை கிறை ஒண்ணுமில்லீங்களாமா. கடைசி வரிவரைக்கும் படிச்சுட்டனுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சீட்டைத் தினமும் சட்டை மாற்றும்போது பைக்குப் பை மாற்றிக்கொண்டே வந்தார்.

சாம்பிள் போன பத்தாம் நாள் ஐரோப்பாவிலிருந்து மெயில் வந்தது. கலர் அழகாக இருக்கிறது, ஆனால் கடையில் மாட்டிவைத்து ஆறடி தள்ளி நின்று பார்த்தால் யானையே தெரியவில்லை, யானை எங்கே என்று கேட்டிருந்தார்கள். கூடவே அவர்கள் எடுத்த போட்டோவும் வந்திருந்தது. ஆபீஸில் இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர். அதில் எடுத்த பேப்பர் முதலாளி மேஜைக்கு வந்தது. ஒரே சாம்பல் கலர். தும்பிக்கையின் நுனிகூட இல்லை.

"சாமியப்பனைக் கூப்புடு!"

சாமியப்பன் வந்தார். சுரேஷும் அங்கே நின்றான்.

"வெள்ளைக்காரன் கேக்கறதை நீ அன்னிக்கே கேட்டே. இத்தன பேரு பாத்தோம், உனக்கு மட்டும் எப்படிப்பா தெரிஞ்சுது?"

"அனுபவமுங்க" என்றார் சாமியப்பன். முதலாளி எழுந்து வந்து தோளில் தட்டினார். அரை நிமிடம் அது மிகவும் நன்றாக இருந்தது. அப்போது சுரேஷ் கிட்டே வந்து, "அன்னிக்கு உங்க மேல கோவப்பட்டேன் மாஸ்டர், மன்னிச்சுக்குங்க. அந்தப் பார்வை எப்படி வரும்னு எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றான். நிஜமாகவே கேட்டான். கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தான்.

சாமியப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. பையிலிருந்த சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முதலாளி படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் படித்தார். "பன்னெண்டு வருசம்... கலர் தெரியாத ஆளை வெச்சா கலர் கலக்கியிருக்கேன்?" என்றவர், "வேலாத்தாளை வரச் சொல்லு" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"வேலைக்கு வந்த மூணாம் நாளே தெரியுமுங்க. செவப்பு பக்கெட்டைக் கொண்டான்னு பச்சை பக்கெட்டைக் காட்டுனாருங்க."

சாமியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருடம் தான் வைத்த பரீட்சைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, காது சூடாயிற்று.

"ஏன் என்கிட்டச் சொல்லலே?" என்றார் முதலாளி.

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது? நான் பாத்துச் சொல்றேன், அவரு நிறுத்துப் போடறாரு. எனக்கு அந்தக் கிராம் கணக்கு வராதுங்க, அவருக்குக் கலரு வராதுங்க. வேலை நடக்குதில்லீங்க?"

முதலாளிக்கு முதலில் கோபம் வருகிற மாதிரி இருந்தது. பிறகு ஆறு கால் யானை ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவர் தண்ணீர் குடித்துத்தான் நிறுத்தினார்.

டிசைனை மாற்ற இரண்டு நாள் அவகாசம். மூன்று பேரும் கலர் அறையில் உட்கார்ந்தார்கள். சுரேஷ் வரைவான், எந்தக் கலரோடு எந்தக் கலர் ஒத்துப் போகும் என்று வேலாத்தாள் சொல்லுவாள், சாமியப்பன் ஆறடி தள்ளிப் போய் நின்றுகொள்வார். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. "தெரியலே." "தெரியலே." "காது மட்டும் தெரியுது." ஏழாவது தடவை சுரேஷ் கத்திரிப்பூக் கலரைத் தரைக்குக் கொண்டுபோய், யானையை முற்றின கத்திரிக்காய் கலரில் நிறுத்தினான். அதன் தும்பிக்கையில் ஒரு நீல பலூன். பலூனைச் சுற்றி வெள்ளை வளையம் போடச் சொன்னது வேலாத்தாள். சாமியப்பன் வாசல்வரைக்கும் பின்னால் நடந்து போனார். அங்கிருந்தே, "யானை வந்துருச்சு! பலூனும் தெரியுது!" என்று கத்தினார். டேபிளில் இருந்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

ஆர்டர் கிடைத்தது. வேலாத்தாளின் அடையாள கார்டில் ஹெல்பர் என்பது போய், கலர் சரிபார்க்கிற ஷேடு செக்கர் என்று வந்தது. எந்த டிசைனாக இருந்தாலும் முதலில் சாமியப்பன் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். "இவருக்கே தெரிஞ்சா உலகத்துக்கே தெரியும்" என்று புது வியாபாரிகளிடம் இப்போது பெருமை பேசினார்.

ஆர்டர் வந்த அன்று பொழுதோடு வீட்டுக்குப் போன சாமியப்பன், தட்டில் கை வைத்தபடி மனைவி கமலாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, வெளிய போயி உங்க அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"நீலச் சேலை கட்டுன புள்ளையப் புடிச்சிருக்குதுன்னு சொன்னேன். ஏன்?"

"நீலச் சேலை கட்டியிருந்தது என் தங்கச்சி."

சாமியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு அன்றைக்குப் பெண் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்ததும், தங்கச்சி பத்தாவதுதான் படிக்கிறாள் என்று கமலாம்பாளின் அப்பா தகராறு செய்ததும், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி மூத்தவளையே முடித்ததும் அவருக்கு யாரும் சொல்லவேயில்லை. கல்யாணத்தன்று அவர் பார்த்தது தான் பிடித்திருக்கிறது என்று சொன்ன அதே பெண்ணைத்தான். அதனால் கேட்கவும் ஒன்றும் இருக்கவில்லை. கமலாம்பாள் மட்டும் பதினாறு வருடமாக, தங்கச்சி கிடைக்காமல் தன்னைக் கட்டிக்கொண்ட மனுஷன் என்று நினைத்துக் குடித்தனம் நடத்தியிருந்தாள். தங்கச்சி சோமனூரிலிருந்து வந்தால், இவருக்குச் சோறு போட அவளை ஒருநாளும் விட்டதில்லை.

"நீ அன்னிக்கு என்ன கலர் கட்டியிருந்தே?" என்று சாமியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"கத்திரிப்பூக் கலரு."

 சொன்னவள் ரசம் ஊற்றாமலே எழுந்து போய்ப் போனை எடுத்தாள். சோமனூருக்கு மணி அடிக்கும்வரைகூடப் பொறுமையில்லை அவளுக்கு.

"அடியே, நாந்தான்டி பேசறேன். கேட்டயா சேதிய? அவரு சொன்னது உன்னைய இல்லியாமாண்டி!"

அந்தப் பக்கம் தங்கச்சி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஆனால் கமலாம்பாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சாமியப்பன் எழுந்து தானே ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.