கடலில் காணாமல் போன நீலம்

அவளைத் தீவில் எல்லோரும் பெயின்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். தபால்காரர்கூட வாசலில் நின்று, "பெயின்ட்டக்கா, ஒரு கையெழுத்து" என்பார். அவருடைய நோட்டில் அவள் கையெழுத்துப் போட்ட பக்கங்களைத் தேடவே வேண்டாம். ஓரத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பிரஷ்ஷைக் கையால் தொட்டவளில்லை. கணவன் படகு எஞ்சின் மெக்கானிக். ஒரு நாள் யாரோ கொடுத்த அரை டப்பா பெயின்ட்டைக் கொண்டுவந்து மூலையில் வைத்தான். அன்றைக்குப் பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. சும்மா உட்காரத் தெரியாதவள் சமையலறை ஜன்னலுக்கு அடித்தாள். மீதியைத் தண்ணீர் டிரம்முக்கு அடித்தாள். அடுத்த டப்பா வந்ததும் அலமாரியின் உள்பக்கம், நாற்காலிக் கால்கள் என்று வீடு முழுக்கப் பரவிவிட்டாள்.

"நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எம்மேலயும் ரெண்டு கோட் அடிச்சிருவா" என்று கணவன் டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். வாய்தான் அப்படி. வேலை முடிந்து வரும்போது யாரிடமாவது மிச்சப் பெயின்ட் இருக்கிறதா என்று கேட்காமல் அவன் வீடு திரும்பியதில்லை.

பிறகு படகுகளுக்கு எண் எழுதப் போனாள். எண்ணிலிருந்து ஓரக்கோடு, கோட்டிலிருந்து முழுப் படகு என்று பன்னிரண்டு வருடங்களில் கரையில் கிடந்த படகுகளில் பாதி அவள் கைபட்டவை ஆகிவிட்டன. உடைந்த மீன்பெட்டிப் பலகைகளில் தனக்கென்று படங்களும் வரைந்தாள். காய்கிற வலை, தாழம்புதருக்குள் நுழைகிற நண்டு, தூங்குகிற கணவனின் பாதம். அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு அவன், "என் காலு இவ்வளவு அழகாவா இருக்கு?" என்று ஒரு வாரம் செருப்பில்லாமல் நடந்தான்.

எதைப் பார்த்தாலும் அவளுக்கு நிறம்தான் முதலில் கண்ணில் படும். மீன் வாங்கப் போனால் விலை கேட்பதற்கு முன் செவுளைத் திருப்பிப் பார்ப்பாள். பழைய மீனோ என்று சந்தேகப்படுகிறாள் என எண்ணி மீன்காரி பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் செய்வாள். அவள் பார்த்ததெல்லாம் அந்தச் சிவப்பைத்தான். பிடித்த நிறம் ஒன்று கண்ணில் பட்டால் வீட்டுக்கு ஓடிவந்து கலந்து, சமையலறைக் கதவின் பின்பக்கம் நகத்தளவு ஒரு பொட்டு வைப்பாள். அங்கே நூற்றுக்கணக்கில் பொட்டுகள் இருந்தன. மழைக்கு முந்திய மேகம் ஒன்று. தண்ணீரில் பரவிய எஞ்சின் ஆயிலின் ஊதா ஒன்று. மகளுக்குக் காய்ச்சல் விட்ட அன்று காலையில் தெரிந்த வானம் ஒன்று. எது எது என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வாள்.

ஒரே ஒரு நிறம் மட்டும் அவளுக்கு மூன்று வருடங்களாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. நடுப்பகலில், பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவே கடல் ஒரு நீலமாக மாறும். நீலமும் பச்சையும் சண்டை போட்டு அப்போதுதான் சமாதானமானது போல இருக்கும். வீட்டுக்குள் கலந்தால் சரியாக இருப்பது கரைக்குக் கொண்டுபோனால் பல்லை இளித்தது. கடைசியில் ஒரு நாள் கதவையே கழற்றச் சொன்னாள்.

"கதவையா?" என்றான் கணவன்.

"வெயில்ல வெச்சுப் பாத்தாத்தாங்க தெரியும்."

அவன் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான். வழியில் டீக்கடைக்காரர், "என்னப்பா, வீட்டக் காலி பண்றியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, கதவுக்குக் கடக்காத்து வேணுமாம்."

ஒன்பது நாள் இப்படிப் போனது. கதவில்லாத சமையலறையில் பக்கத்து வீட்டுப் பூனை ராஜாங்கம் நடத்தியது. ஒன்பதாம் நாள் புதிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, கதவைக் கடலுக்கு நேரே நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி அவள் பின்னால் நகர்ந்து போனாள். பொட்டு வைத்த இடத்தில் கதவில் ஓட்டை விழுந்து, அதன் வழியே கடல் தெரிவது போல் இருந்தது. "போதுங்க, எறக்குங்க" என்றாள்.

அந்த வருடம் அவள் மனதில் இன்னொரு ஆசையும் உட்கார்ந்திருந்தது. தீவையும் அக்கரையையும் இணைப்பது ஒரே ஒரு லாஞ்சு. பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு எல்லோரும் அதில்தான் போகவேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அதைக் கரையேற்றி வெள்ளையடிப்பார்கள். மூன்றே மாதத்தில் அது பழைய துணி நிறத்துக்கு வந்துவிடும். பன்னிரண்டு வருடங்களாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரத்தது. இந்தத் தடவை லாஞ்சை ஓட்டும் சாரங்கிடம் எப்படியோ வாயைத் திறந்து கேட்டும்விட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உன் கொழுந்தன் போட்டுக்கு ஏதோ புதுக் கலர் அடிக்கிறியாமே. அதப் பாக்குறேன். நல்லா இருந்தா லாஞ்சையும் நீயே செய்."

கொழுந்தனின் படகு முழுவதும் அந்த நீலத்தை அடித்தாள். மணலில் அது கிடந்தபோது ஊரே வந்து பார்த்தது. கொழுந்தன் படகை இரண்டு தடவை சுற்றிவந்து, "அண்ணி, இதுல மீன் நாத்தம் பட விடுறதுக்கே மனசு வரல" என்றான். அவன் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, "மயில் கழுத்துல பொடவ எடுத்த மாதிரி இருக்குக்கா" என்றாள். சாரங்கும் தலையை ஆட்டினார். "ஓடட்டும், கடல்ல பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் படகு கடலுக்குப் போனது. நடுப்பகலில் ஓரகத்தி வழக்கம்போல் கரைக்கு வந்து நின்றாள். பவளப்பாறைக்கு அருகே படகு தெரிந்ததும் ஐஸ் பெட்டியைத் தூக்கி வருவது அவள் வழக்கம். அன்றைக்கு நெற்றியில் கைவைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. படகைக் காணோம். பெயின்ட்டக்காவும் வந்து நின்றாள். லாஞ்சைக் கட்டிவிட்டுச் சாரங்கும் வந்தார்.

"எஞ்சின் சத்தம் கேக்குதுக்கா. போட்டத்தான் காணல" என்றாள் ஓரகத்தி. முகம் வெளுத்துவிட்டது.

எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். சத்தம் நெருங்கி வந்தது. வேறொரு படகு பாறையைத் தாண்டி நேராக வந்து, யாரோ கத்தியதும் வெடுக்கென்று ஒதுங்கியது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நான்கு ஆண்கள் தண்ணீரின் மேல் வரிசையாக உட்கார்ந்தபடி கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே படகே இல்லை. ஒருவன் மட்டும் எழுந்து நின்று, தண்ணீருக்கு நடுவிலிருந்து தண்ணீரை மொண்டு கொட்டினான்.

முதலில் மீன்காரிதான் சிரித்தாள். பிறகு கரையே சிரித்தது. ஓரகத்தி ஒரு கண்ணால் அழுது, மறு கண்ணால் சிரித்து, இறங்கி வந்த புருஷனின் முதுகில் இரண்டு வைத்தாள். "எங்கய்யா இருந்த?"

"உனக்கு முன்னாடிதானடி வந்துக்கிட்டிருந்தேன்."

சாரங்கு சிரிக்கவில்லை. பெயின்ட்டக்காவைத் தனியே கூப்பிட்டார். "கலர் பிரமாதம்மா. அதுதான் சங்கடம். லாஞ்சுல எழுபது பேர ஏத்திக்கிட்டுப் போறேன். எதுக்க வர்றவன் கண்ணுக்கு நான் தெரியணும். வெள்ளையே இருக்கட்டும், என்ன? ஒரு வாரத்துல கரையேத்தப் போறோம்."

அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். உடம்பு கூசியது. அந்த இன்னொரு படகு வந்து மோதியிருந்தால்? ஆனால் அடுப்பின் முன் தனியே உட்கார்ந்தபோது, அடக்க அடக்க ஒரு சிரிப்பு வந்தது. தன்னுடைய நிறம் எது, அவள் அடித்த நிறம் எது என்று தெரியாமல் அவ்வளவு பெரிய கடல் ஏமாந்துபோயிருக்கிறது.

"அழறியா, சிரிக்கிறியா?" என்று கணவன் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் இல்லைங்க. நான் இத்தன நாளும் ஒரு கலரு பக்கத்துல எப்படி இருக்குன்னுதான் பாத்திருக்கேன். தூரத்துல அது என்ன ஆகுதுன்னு பாத்ததே இல்ல."

மறுநாளே எட்டுப் பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்தாள். ஒவ்வொன்றையும் ஒரு கம்பில் கட்டி, கொழுந்தனின் படகில் வரிசையாக நிறுத்தினாள். பாறைக்கு அப்பால் போய்த் திரும்பி வரவேண்டும். எந்தப் பலகை முதலில் தெரிகிறது என்று கரையில் இருக்கும் பெண்கள் சொல்லவேண்டும்.

"அண்ணி, ஏற்கனவே என்னை ஆவி மாதிரி கூட்டிட்டு வந்தீங்க. இப்போ துணிக்கடை மாதிரி போகச் சொல்றீங்க" என்றான் கொழுந்தன். ஆனாலும் போனான்.

கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

"அரக்குதான் மொதல்ல தெரியும் பாரு. எங்கிட்ட ஒரு பொடவ இருக்கு" என்றாள் மீன்காரி.

"அதக் கட்டிக்கிட்டு நடுக்கடல்ல போய் நில்லு. பாத்துச் சொல்றோம்" என்றாள் ஓரகத்தி.

அரக்கு தூரத்தில் கறுத்துப்போனது. கறுப்பு, நிழலா பாறையா என்று குழப்பியது. வெள்ளை அலை நுரையோடு கலந்துவிட்டது. மாம்பழ மஞ்சள் காலையில் ஜோராக இருந்தது. வெயில் ஏறித் தண்ணீர் பளபளத்ததும் அதுவும் கண்ணைவிட்டு நழுவியது. கிளிப்பச்சை கரை வளைவில் இருந்த தென்னந்தோப்புக்கு நேரே வந்ததும் ஒளிந்துகொண்டது. பெயின்ட்டக்கா காலையில் பார்த்தாள், உச்சியில் பார்த்தாள். நான்காம் நாள் தூறல் விழுந்தபோது கொழுந்தனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி அனுப்பிப் பார்த்தாள். மூன்று வேளையும், படகு கடுகளவாகத் தெரியும் தூரத்திலேயே தலையைக் காட்டியது ஒன்றே ஒன்றுதான். ராணி கலர்.

"ஐயோ, சாரங்கு மீசைக்கும் ராணி கலருக்கும் ஆகாதே" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவளுக்கும் அதுதான் பயம். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒன்று யோசித்தாள். இருபது வருடங்களாக லாஞ்சை ஓட்டுகிறவர் அதன் உள்ளே இருந்துதான் கடலைப் பார்த்திருக்கிறார். லாஞ்சு வருவதைக் கரையில் நின்று அவர் எப்படிப் பார்த்திருப்பார்? ஐந்தாம் நாள் மதிய ஓய்வில் அவரைப் போய் அழைத்தாள்.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம். நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீங்க கரையில நின்னு பாருங்க, போதும்."

அவர் வந்து நின்றார். பெண்கள் முன்னேற்பாட்டின்படி வாயே திறக்கவில்லை. கடல் தகதகவென்று கிடந்தது. சாரங்கு கண்ணைச் சுருக்கினார். சற்று நேரம் கழித்துக் கையை நீட்டினார்.

"அதோ, வர்றான்."

"எங்கய்யா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் மீன்காரி, உலகத்துப் பொய்யையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டு.

"அந்தா பாரும்மா, பாறைக்கு வலப்பக்கம். தீக்குச்சி உரசின மாதிரி." அவர் கை நீட்டியபடியே நின்றார். படகு நெருங்க நெருங்க மற்ற பலகைகளும் ஒவ்வொன்றாக முளைத்தன. முதலில் தான் கண்டது எது என்று அவருக்கும் புரிந்தது. கையைக் கீழே போட்டார். மீசையைத் தடவிக்கொண்டார். பெயின்ட்டக்கா தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது என்னம்மா கலரு?" என்றார் கடைசியில்.

"நீங்களே ஒரு பேரு சொல்லுங்கய்யா."

அவர் தொண்டையைச் செருமினார். "செம்பருத்தி மாதிரி இருக்கு."

"ஆமாங்கய்யா, செம்பருத்தி."

"செம்பருத்தின்னா சரி. லாஞ்சு ஒண்ணும் கல்யாணப் பொண்ணு இல்ல பாரு."

"இத்தன வருஷமா ஆஸ்பத்திரிச் சொவரு மாதிரி இருந்துச்சே, அதுக்கு இது தேவலாம்" என்றாள் ஓரகத்தி. சாரங்கு அவளை முறைத்தார். மீசை மட்டும் லேசாக அசைந்தது.

லாஞ்சு கரையேறியது. கணவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், அவள் பின்னாலேயே பிரைமர் அடித்தாள். கொழுந்தன் தன் படகின் வெளிப்பக்கத்துக்கு, ஜோடியாகப் பட்டை போட்டால் எட்டத்திலும் எடுபடும் மஞ்சளும் கறுப்பும் வாங்கிக்கொண்டு, உள்பக்கத்தில் நீலத்தை அப்படியே விடச் சொல்லிவிட்டான். இனிமேல் புருஷன் கண்ணுக்குத் தெரிந்தே தீருவான் என்று ஓரகத்திக்கு நிம்மதி. லாஞ்சு வேலை நான்கு நாள் நடந்தது. பெயின்ட்டக்காவுக்குப் பசி, தாகம் எதுவும் நினைவில்லை. ராணி கலரின் அடியில், தண்ணீரைத் தொடும் இடத்தில், கருநீலத்தில் ஒரு பட்டை கொடுத்தாள். அந்தப் பட்டை வந்ததும் மேலே இருந்த நிறம் இன்னொரு மடங்கு எழுந்து நின்றது. அதைத் தூக்கி நிறுத்தியதே நான்தான் என்று கணவன், தான் பிடித்திருந்த ஏணியைக் காட்டிச் சொன்னான்.

முதல் நடைக்கு அவள் லாஞ்சின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இதற்கு முன்பும் நூறு தடவை போயிருக்கிறாள், மடியில் பையும் மனதில் சாமான் பட்டியலுமாக. இன்றைக்குக் கையில் ஒன்றுமில்லை. அக்கரை போய்த் திரும்பும்போது, தீவின் தென்னைகள் இன்னும் தனித்தனியாகத் தெளியாத தூரத்திலேயே கரையில் ஏதோ அசைவது தெரிந்தது. பெண்கள் கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டார்கள். சாரங்கு ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

தீவு நெருங்கி வந்தது. தென்னைகளுக்கு அடியில் இருந்த நிழல் கறுப்பு இல்லை, கத்திரிப்பூ நிறம் என்று அவள் அப்போதுதான் கண்டாள். மணலின் ஈர விளிம்பு ஒரு நிறம், காய்ந்த விளிம்பு வேறு. தகரக் கூரைகள் வெயிலில் ஒவ்வொன்றும் வேறு மாதிரி சிரித்தன. இவ்வளவையும் கடலில் இருந்துதான் பார்க்கவேண்டுமா? பார்த்து முடிப்பதற்குள் லாஞ்சு துறையில் வந்து முட்டியது.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"எறங்கலையாம்மா?" என்றார் சாரங்கு.

"இன்னொரு நட போயிட்டு வர்றேன்யா."

துறையில் நின்ற கணவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்குச் சோறு?" என்றான்.

"தம்பி வீட்ல சாப்புட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவள் வாகாகத் திரும்பித் தீவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.