செயலாளர் பிடுங்கிய மைக் வயர்

சித்தப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே கட்சிச் செயலாளர் எழுந்துபோய் மைக் வயரைப் பிடுங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் நடந்த பொதுக்கூட்டம் அது. பள்ளிக்கூடச் சிறுமியான நான் அம்மாவோடு முன் வாங்கில் இருந்தேன். பிராக் நகருக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்திருந்த நேரம். அங்கிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் செய்த குற்றமெல்லாம், பத்திரிகைத் தணிக்கையை நீக்கிச் சனங்களை வாய் திறக்கவிட்டதுதான். அதற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்க் கம்யூனிஸ்ட் கட்சியோ டாங்கிகளை வாழ்த்திக் கூட்டம் போட்டது! சித்தப்பா ஒருவர்தான் எதிர்த்தார். "அந்த மனுசனும் தோழர்தானே? தோழரின்ர வாயைப் பொத்தவோ நாங்கள் கட்சி கட்டினனாங்கள்?" வயர் போனபிறகும் குரல் கம்மும்வரை கத்தினார். அடுத்த கிழமையே அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். தேநீர்க்கடையில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து அவரோடு அடிவாங்கிய தோழர்கள்கூட, அவரைத் தெருவில் கண்டால் சைக்கிளைத் திருப்பினார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

கடைசிக் காலத்தில் மொன்றியலில் என்னோடு இருந்தார். ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கும்போதும் அதே கதைதான். "அந்தப் பிராக் தலைவரைக் காட்டிலாகா வேலைக்குத் துரத்தினவங்கள், பிள்ளை. பேந்து இருவது வருசத்தால ஊரே கூடி அவருக்குக் கைதட்டினது. என்னட்டை ஒருத்தனும் வந்து, பிழை விட்டிட்டம் எண்டு சொல்லேல்லை." அந்த ஒரு சொல்லைக் கேட்காமலே இந்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் கொடுக்கக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடித்தோம். பெரிய ஆள் ஒருவர் அஞ்சலி எழுதினால்தான் மதிப்பு என்று சித்தப்பாவின் மகன் யாரைப் பிடித்தான் தெரியுமா? இங்கேயே குடியேறியிருக்கும் அதே செயலாளரை! 'இறுதி மூச்சுவரை கட்சியோடு நின்ற தோழர்' என்று அந்த மனிதர் கூசாமல் எழுதியிருந்தார்.

அன்று பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி மண்டபத்தில் நான் மைக்கை வாங்கினேன். "கட்சியை விட்டு இவரைக் கலைச்சது ஆர் எண்டு இந்தக் கல்வெட்டில இல்லை. முன்னுக்கு இருக்கிற ஐயாவைக் கேளுங்கோ!"

சித்தப்பாவின் மகன் ஓடிவந்தான். "அக்கா, சும்மா இருங்கோ! செத்தவீட்டு அலுவலில என்னத்துக்கு அரசியல்?" இந்தக் காலத்து மைக்கில் பிடுங்குவதற்கு வயர் இல்லை; கையிலிருந்தே பறித்துவிட்டான். நான் மைக் இல்லாமலே தொடர்ந்தேன். முன்வரிசையில் செயலாளர் என் முகத்தைப் பார்த்தபடியே, காதில் மாட்டியிருந்த மெஷினை மெல்லக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.