டெல்ஃபின் விற்ற துணிக்கடை அட்டைகள்

எங்கள் தேவாலயத்தின் பங்குப் பள்ளிக்கூடத்துக்காக அட்டை விற்பவள் டெல்ஃபின். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முன்மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவாள். மளிகை, பெட்ரோல், செருப்பு எல்லாவற்றுக்கும் பரிசு அட்டை உண்டு. இருபது டாலர் கொடுத்தால் இருபது டாலர் அட்டை. அதில் கடைக்காரர் கழிவாக விட்டுக்கொடுக்கும் சில்லறை பள்ளிக்கூடத்துக்கு வரும்.

பக்கத்து மேசையில் காபி ஊற்றுவது நான். வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெயில் அவளுடைய அட்டைகள்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். நீலம் மளிகையை விட்டு மெல்லப் பெட்ரோலுக்கு நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் காபி வழிந்துவிடும்.

செர்ரித் தோட்டக்காரர் வெர்லின் வாராவாரம் வருவார். "மார்செல்லாவோடது ஒண்ணு குடும்மா" என்பார். அவர் மனைவி மார்செல்லா தையல்காரி. துணிக்கடை அட்டை அவளுக்குத்தான். மார்செல்லா ஆண்டவரிடம் போன பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. டெல்ஃபினும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பாள்.

போன வசந்தத்தில், அந்தத் துணிக்கடையை மூடப்போவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அட்டை செல்லாது. அந்த ஞாயிறு வெர்லினைக் கண்டதும் டெல்ஃபின் எழுந்துவிட்டாள்.

"வெர்லின், வாங்கின அட்டை எல்லாத்தையும் வச்சிருக்கீங்களா?"

"பின்ன, தின்னுட்டேனா?"

"வீணாப் போயிடும். வித்தவ நான். என் மனசு கேக்காது. நாளைக்கே கிரீன் பே ஊர்ல இருக்குற கடைக்குப் போயிடலாம்."

"கடையே இல்லாட்டி ஞாயித்துக்கிழமை உங்கிட்ட நான் என்ன கேப்பேன்?" என்றார் அவர்.

மறுநாள் மூவரும் போனோம். கடை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. மூலையில் மணப்பெண் முக்காட்டுக்கான வெள்ளை வலைத்துணி மட்டும் சுருள் சுருளாக நின்றது. வெர்லின் ஒரு நுனியை இழுத்தார். பனிமூட்டம்போல் தரையெங்கும் விரிந்தது. வெகுநேரம் அதற்குள்ளேயே நின்றார்.

"இது அத்தனையும் குடுங்க."

கடைப்பெண் சிரித்தாள். "கல்யாணமா தாத்தா?"

"மரத்துக்கும்மா."

அவள் ஒவ்வொரு அட்டையாகத் தேய்த்தாள். பின்னால் வரிசை நீண்டும் யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசி அட்டையும் தீர்ந்த பிறகுதான் டெல்ஃபின் மூச்சு விட்டாள்.

செர்ரி சிவக்கத் தொடங்கிய ஒரு காலையில் அவர் தோட்டத்துக்குப் போனோம். மார்செல்லா நட்ட மரங்கள் எல்லாம் வெள்ளை வலை போர்த்தி, முக்காடிட்டு முதல் நற்கருணை வாங்கப் போகும் சிறுமிகள்போல் வரிசையாக நின்றன. ஏரிக்காற்றில் மூச்சு விடுவதுபோல் அசைந்தன. பழத்தைக் கொத்த வழியில்லாமல் வேலிமேல் குருவிகள் உம்மென்று உட்கார்ந்திருந்தன.

"எம்மேல வழக்குப் போடப்போகுதுங்க" என்றார் வெர்லின். பிறகு மெதுவாக, "எனக்குத் தைக்கத் தெரியாது டெல்ஃபின். சும்மா சுத்தி விட்டேன்" என்றார்.

காற்றில் ஓர் ஓரம் விலகியது. டெல்ஃபின் தன் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, இரண்டு விளிம்பையும் சேர்த்துக் குத்தினாள்.