தீவுக்கு அனுப்பிய நினைவூட்டல்கள்

சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டதற்குச் சான்று கோருபவர், கேட்ட தேதியையும் நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் குறிப்பிட வேண்டும். நிலையம் சரிபார்க்கும் அளவுக்கு நிகழ்ச்சி விவரம் தர வேண்டும். பதில் உறை இணைக்க வேண்டும். வானொலி நேயர்களின் இந்த விதியை மைசூரில் என்னைவிட நன்றாக ஒப்பிப்பவர் யாரும் இல்லை. ரயில்வே அலுவலகத்தில் பணி முழுக்க, பிறர் விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்கியவன் நான்.

விதிப்படி எழுதினால் நிலையம் ஓர் அட்டை அனுப்பும். 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்பதற்கு அதுதான் அத்தாட்சி. என்னிடம் இரண்டு சூட்கேஸ் நிறைய இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. அட்லாண்டிக் கடல் நடுவில் ஒரு தீவு. ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும் சிற்றலையில் பேசும். இந்த முறையோடு அதுவும் நிற்கப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

எனக்கு எதிரி கடல் அல்ல, மாடி வீட்டு ஐ.டி. தம்பதியின் மின்சார ஸ்கூட்டர். அதைச் சார்ஜில் போட்டால் என் ரேடியோவில் வண்டு கூட்டமாகப் பறக்கும். ஒரு வாரம் முன்பே தேதி, நேரம், காரணம் குறித்து எழுத்துமூலம் வேண்டுகோள் கொடுத்தேன். "வாய்ல சொன்னா போதாதா அங்கிள்?" என்றாள் அந்தப் பெண். வாயால் சொன்னதற்கு ஏது கோப்பு?

விடியற்காலை ஐந்து மணிக்குத் தீவு வந்தது. அரை மணி நேரம். ஒரு பாட்டு, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, காணாமல்போன ஆடு ஒன்று, சரக்குக் கப்பல் மீண்டும் தாமதம் என்ற அறிவிப்பு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எங்கள் ஊர் ஹெப்பாள் பகுதித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பரும் தன் வீட்டில் கேட்டார். அவர் கன்னடம் கலந்த தமிழ் பேசும் மார்டள்ளி ஊர்க்காரர். ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டு ரவை வாங்கப் போய்விட்டார். என்னுடையது பொருள், பார்வை, இணைப்பு சகிதம் ஆறு பக்கம்.

இரண்டு மாதம் பதில் இல்லை. முதல் நினைவூட்டல் அனுப்பினேன். அடுத்த மாதம் இரண்டாவது. அதில் 'வருத்தத்துடன் கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது' என்று சேர்த்தேன்.

"தீவுக்கே மெமோ கொடுத்தாச்சா?" என்றாள் மனைவி. "அடுத்து சஸ்பென்ஷனா?"

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது நண்பர் வந்தார். என் அலுவலகப் பிரதியைப் புரட்டிச் சிரித்தார்.

"ரிப்போர்ட்டுங்களா சார் இது? சார்ஜ் ஷீட்டுங்க."

"உங்களுக்கு மட்டும் வந்துவிட்டதா?"

"வரலீங்க. கப்பல்ல வரணுமில்ல? நிதானவாகி, மெதுவாத்தான் வரும்." பிறகு முதல் பக்கத்தில் அவர் விரல் நின்றது. "சார், சனிக்கிழமைன்னு போட்டிருக்கீங்களே?"

"சனிக்கிழமைதானே கேட்டோம்?"

"நமக்குச் சனிங்க. நேரத்தை மட்டும் பொது நேரத்துக்கு மாத்தி ராத்திரி பதினொன்றரைன்னு போட்டிருக்கீங்க. அப்ப அது வெள்ளிக்கிழமை ராத்திரியில்லீங்களா? சனி ராத்திரி அவங்க ட்ரான்ஸ்மிட்டரையே ஆன் பண்ணல."

என் மனைவி எழுந்ததும் முதல் வேலையாகத் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்துவிடுவாள். ஐந்தரை மணி நேரத்தைக் கச்சிதமாகக் கழித்த நான், தேதியை அந்தக் காலண்டரிலிருந்து எடுத்திருக்கிறேன். இதே பிழைக்காக இதே நண்பரின் முதல் அறிக்கையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தவன் நான். அவர் அதை நினைவுபடுத்தவில்லை. என் மனைவி நினைவுபடுத்தினாள்.

அட்டை போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. ஒலிபரப்பே இல்லாத இரவில் கேட்டேன் என்று எழுதியிருக்கிறேன். கூடவே இரண்டு முறை மிரட்டியும் இருக்கிறேன். அந்தத் தீவின் கோப்பில் நான் பொய்யன். அவர்கள் இனி ஒலிபரப்பப்போவதும் இல்லை, மறுபடி கேட்டு நிரூபிக்க. பணிக்காலத்தில் ஒருமுறைகூட நான் வெளியிடாத ஒன்றை அன்று எழுதினேன்: திருத்தம். எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். 'நான் உண்மையிலேயே கேட்டேன், தயவுசெய்து நம்புங்கள்.'

"தயவுசெய்துன்னு எழுத வருமா உங்களுக்கு?" என்றாள் மனைவி. தபால் பெட்டி வரை கூடவே வந்தாள், நான் மனம் மாறிவிடாமலிருக்க.

பத்தே நாளில் என் கையெழுத்தில் என் முகவரி எழுதிய உறை வந்தது. திருத்தம் சென்னையைக்கூடத் தாண்டியிருக்காது. தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். என் முதல் நினைவூட்டலுக்கு மூன்று வாரம் முந்தையது. கப்பல் தாமதம் என்று என் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.

அட்டையில் வெள்ளிக்கிழமையின் தேதி இருந்தது. பிழையைப் பற்றி ஒரு சொல் இல்லை, சிவப்பு மையும் இல்லை. யாரோ ஒருவர் சத்தமில்லாமல் சரிசெய்து கையெழுத்திட்டிருந்தார். ஓரத்தில் பேனாவால் ஒரு வரி: ஆடு கிடைத்துவிட்டது.

நண்பருக்குப் போன் செய்தேன். அவருக்கும் அன்றே வந்திருந்தது.

அட்டை என் கைக்கு வந்தது அக்டோபர் ஒன்பதாம் தேதி, முற்பகல் பதினொன்றேகால். உலகப் பொது நேரப்படியும் ஒன்பதாம் தேதிதான். இரண்டு முறை சரிபார்த்தேன்.